கருவாட்டில் விழுந்த சிவப்பும் ஒளியில் ஓடும் ஒரு மூலக்கூறு இயந்திரமும்: மண்டபம் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கருவாட்டில் சிவப்பு விழுந்துவிட்டால் வியாபாரி கையால் தொடமாட்டார். தொட்டாலும் கோழித்தீவனத்துக்கு என்று சொல்லித்தான் விலை பேசுவார். மண்டபம், பாம்பன், ஏர்வாடி என்று ராமநாதபுரம் கரையில் உப்புக் கருவாடு போடும் யாருக்கும் இது புதிதில்லை. காற்றில் ஈரம் ஏறி வெயில் மந்தமாகும் நாட்களில், அடுக்கி வைத்த கட்டாவிலும் திருக்கையிலும் முதலில் ரோஜா நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அப்புறம் அது பரவும், பிசுபிசுக்கும், வாடை மாறும்.

அப்படி ஒரு கொட்டகையில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன். ஒளியால் இயங்கும் மூலக்கூறு இயந்திரங்கள் என்ற பாடத்தை ஆண்டுதோறும் நெதர்லாந்தின் பென் ஃபெரிங்கா செய்த மூலக்கூறு மோட்டாரில் தொடங்கி அதிலேயே முடிப்பது எங்கள் வழக்கம். இந்தச் சிவப்பின் மூலத்தைத் தேடியபோது, உலகில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட ஒளி இயந்திரங்களில் ஒன்றின் சொந்தக்காரர்கள் நம் உப்பளப் பாத்திகளிலேயே குடியிருக்கும் குடும்பம் என்பது மாணவர்களுக்குக் கண்முன் விளங்கியது. கருவாட்டுக் கணக்கையும் அறிவியல் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருந்தது.

நடந்தது

கொட்டகை தென்கடல் பக்கம் இருக்கிறது. அதை நடத்தும் அக்காவின் குடும்பம் தலைமுறையாகக் கருவாடு போடுகிறது. நெத்திலி, சாளை போன்ற சின்ன மீன் மணலில் விரித்த பழைய வலையில் அப்படியே காய்ந்துவிடும். பெரிய மீனுக்குப் பக்குவம் வேறு. செவுளும் குடலும் எடுத்து, முதுகைப் பிளந்து, சதையில் கத்தியால் கோடு கோடாகக் கீறி, கீறலுக்குள் கல் உப்பைத் திணித்து, சிமெண்டுத் தொட்டியில் அடுக்கி மேலே பாரம் வைப்பார்கள். மீனிலிருந்து இறங்கும் நீரில் உப்பு கரைந்து தொட்டியில் கெட்டியான உப்புத்தண்ணீர் நிற்கும். ஊறியதும் எடுத்து வெயிலில் போட வேண்டும்.

அந்த ஆண்டு புரட்டாசிக் கடைசியில் மழை முந்திக்கொண்டது. அரைகுறையாகக் காய்ந்த சரக்கைச் சாக்குப் போட்டு மூடிக் கொட்டகைக்குள் அடுக்கினார்கள். மழை விட்டுப் பிரித்துப் பார்த்தால் அடுக்கின் நடுவில் இருந்தவை எல்லாம் சிவந்திருந்தன. உப்பில் யாரோ சாயம் கலந்திருக்கிறார்கள் என்றார் வியாபாரி. மீன் கரைக்கு வரும்போதே கெட்டிருக்கும் என்றார்கள் வேலைக்கு வந்த பெண்கள். அக்கா தொட்டியைக் குறை சொன்னார். போன நடையில் ஊறிய உப்புத்தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே புது மீனைப் போட்டிருந்தார்கள், மீனிலிருந்து உதிர்ந்த உப்பையும் கூட்டி அள்ளி மறுபடி சேர்த்திருந்தார்கள். உப்பு காசு கொடுத்து வாங்குவது, யாரும் வீணாக்கமாட்டார்கள்.

அக்கா சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் உப்புக்குள் உயிர் இருக்கும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. "உப்புதான் தம்பி எதையும் கெடாம வைக்கும்னு சொல்வாக. அந்த உப்புலயே பூச்சி இருக்கும்னா அப்புறம் எதை நம்புறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

சோதித்தது

சிவந்த கருவாட்டின் மேல் படிந்திருந்த வழவழப்பைச் சுரண்டி இரண்டு கண்ணாடிக் குவளைகளில் போட்டோம். ஒன்றில் கெட்டியான உப்புக்கரைசல், இன்னொன்றில் நல்ல தண்ணீர். உப்புக்கரைசலில் அது இளஞ்சிவப்பாகக் கலங்கி அப்படியே நின்றது. நல்ல தண்ணீரில் கலங்கல் தெளிந்துகொண்டே போனது. குச்சியால் கிளறினால் முட்டை வெள்ளைக்கரு போல நூல் இழுத்தது. செல்கள் வெடித்து அவற்றின் டிஎன்ஏ வெளியே வந்தால் இப்படித்தான் கொழகொழக்கும். சாயமாக இருந்தால் நல்ல தண்ணீரில் இப்படி நூல் விட்டிருக்காது. வியாபாரியின் சந்தேகம் அங்கேயே முடிந்தது.

நுண்ணோக்கியில் இன்னும் தெளிவாகப் பார்க்க முடிந்தது. உப்புக்கரைசலில் ஒரு துளி வைத்தால் மெல்லிய குச்சி குச்சியாகத் தெரிகிறது, சில நகர்கின்றன. கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டதும், அது பரவும் திசையில் குச்சிகள் உப்பி உருண்டையாகின்றன, பிறகு காணாமல் போகின்றன. மாணவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு உப்பு மிகுந்த ஊட்டத்தட்டுகளில் தொட்டித் தண்ணீர், கொட்டகையில் இருந்த கல் உப்பு, கடையில் வாங்கிய பாக்கெட் உப்பு மூன்றையும் தனித்தனியே இட்டுச் சூடான இடத்தில் வைத்தோம். முதல் இரண்டிலும் சிவப்புப் புள்ளிகள் முளைத்தன. பாக்கெட் உப்புத் தட்டு சுத்தமாக இருந்தது. எந்த இனம் என்று பெயர் சொல்ல மரபணு வரிசை பார்க்க வேண்டும். ஆனால் குடும்பம் தெரிந்துவிட்டது. உப்பை விரும்பும் ஆர்க்கியா, ஹாலோபாக்டீரியம் வகையறா. பெயரில் பாக்டீரியா இருந்தாலும் இவை பாக்டீரியா அல்ல, உயிர்களின் தனிப் பெரும்பிரிவு.

கருவாட்டுக்கும் இவற்றுக்கும் உள்ள உறவு பழையது. கனடாவில் உப்பிட்ட காட் மீன் சிவப்பதைப் பற்றி ஹாரிசனும் கென்னடியும் 1922-இலேயே எழுதினார்கள், வெயிலில் விளைந்த கடல் உப்போடு இந்த உயிர் வருகிறது என்று. இவற்றுக்குக் கடல்நீரில் உள்ள உப்பு போதாது. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு என்றால், இவை வளர அதைப்போல் நான்கைந்து மடங்காவது வேண்டும். வெளியே அவ்வளவு உப்பு இருக்கும்போது உள்ளேயும் பொட்டாசியம் உப்பை நிரப்பிக்கொண்டு ஈடுகட்டி வாழ்கின்றன. அதனால்தான் நல்ல தண்ணீர் பட்டால் நீர் உள்ளே பாய்ந்து வெடிக்கின்றன. சூடு பிடிக்கும், 40 டிகிரிக்கு மேலும் நன்றாக வளரும். மனிதனுக்கு நோய் தரும் கிருமியாக இவை அறியப்பட்டதில்லை. ஆனாலும் சிவந்து பிசுபிசுத்த கருவாட்டைச் சாப்பிடச் சொல்லமாட்டேன். மீனின் புரதம் உடையத் தொடங்கிய இடத்தில் வேறு கிருமிகளும் கூட்டு சேர்ந்திருக்கலாம்.

உப்பளத்தின் மேல் பழி போடுவதும் சரியில்லை. வாலிநோக்கம், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் பக்கம் கோடையில் போனால் முற்றிய பாத்தி நீர் சிவந்திருப்பதைப் பார்க்கலாம். அந்தச் சிவப்பு வெயிலைக் கூடுதலாக உறிஞ்சுவதால் நீர் சூடேறி வேகமாக ஆவியாகும், அது உப்பு விளைச்சலுக்கு நல்லது. உப்பை வாரும்போது கல்லுக்குள் சிக்கிய நீர்த்துளிகளோடு இந்த உயிர்களும் வந்துவிடுகின்றன. அம்பாரமாகக் குவித்து மாதக்கணக்கில் கிடந்த பழைய உப்பில் இவை குறைந்துபோகும், புது உப்பில் அதிகம்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பாத்தியிலும் கருவாட்டிலும் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு பெரும்பாலும் பாக்டீரியோரூபெரின் என்ற கரோட்டின் வகை நிறமி. பாத்தியில் டுனாலியெல்லா என்ற பாசியின் பீட்டா கரோட்டினும் சேரும். இவை கடும் வெயிலிலிருந்து செல்லைக் காக்கும் போர்வைகள். நான் சொல்ல வரும் இயந்திரத்தின் நிறம் ஊதா. இந்தக் குடும்பத்தின் எல்லா உறுப்பினர்களிடமும் அது இல்லை. இருப்பவற்றிலும் எப்போதும் இருக்காது, மூச்சுத் திணறும்போதுதான் உருவாகும்.

ஊதாச் சவ்வுக்குள்

கெட்டியான உப்புநீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவே கரையும். நீர் சூடாகச் சூடாக இன்னும் குறையும். சித்திரை வெயிலில் முற்றிய பாத்தியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, மூச்சுவிடத்தான் வழியில்லை. அந்த நேரத்தில் ஹாலோபாக்டீரியம் சலினேரம் தன் சவ்வில் ஊதா நிறத் திட்டுகளை உருவாக்குகிறது. திட்டு முழுக்க ஒரே புரதம், மூன்று மூன்றாகச் சேர்ந்து அறுகோண ஒழுங்கில் அடுக்கியது. இந்தப் புரதம்தான் பாக்டீரியோரோடாப்சின். மஞ்சள் கலந்த பச்சை ஒளியை, அதாவது 568 நானோமீட்டர் பக்கத்தை, விழுங்குகிறது. மிச்சமாகும் சிவப்பும் நீலமும் சேர்ந்து நமக்கு ஊதாவாகத் தெரிகின்றன.

248 அமினோ அமிலங்கள் ஏழு சுருள்களாகச் சவ்வைக் குறுக்கே துளைத்து நிற்கின்றன. நடுவில் ரெட்டினால் என்ற மூலக்கூறு, 216-ஆவது இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்திருக்கிறது. ரெட்டினால் வைட்டமின் ஏ-யின் நெருங்கிய உறவு. நம் கண்ணின் விழித்திரையில் ஒளியை வாங்குவதும் இதேதான். அது ஒரு நீளமான சங்கிலி. ஒளித்துகள் ஒன்று பட்டதும் 13-ஆவது கார்பனில் உள்ள இரட்டைப் பிணைப்பு திரும்பி, நேராக இருந்த சங்கிலி மடங்குகிறது. அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ அரை பிக்கோ நொடி, அதாவது ஒரு நொடியை இரண்டு லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

மடங்கிய சங்கிலி தான் பிடித்திருந்த புரோட்டானை 85-ஆவது இடத்தில் இருக்கும் ஆஸ்பார்டிக் அமிலத்திடம் தள்ளுகிறது. அதே சமயம் வெளிப்பக்கத்தில் ஒரு புரோட்டான் செல்லைவிட்டு வெளியேறுகிறது. காலியான இடத்துக்கு 96-ஆவது இடத்து ஆஸ்பார்டிக் அமிலம் தன் புரோட்டானைக் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து வேறொன்றை வாங்கிக்கொள்கிறது. சங்கிலி பழையபடி நிமிர்கிறது. நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் முழுச் சுற்றும் முடிந்து அடுத்த ஒளித்துகளுக்குத் தயார். அடிகுழாயில் ஏறிய தண்ணீரை வால்வு திரும்ப இறங்கவிடாது அல்லவா, அந்த வேலையை இங்கே ரெட்டினால் மடங்கும் கோணமும் இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்களும் சேர்ந்து செய்கின்றன. உள்ளேயிருந்து வெளியே மட்டும்தான் ஓட்டம்.

இப்படி வெளியே குவிந்த புரோட்டான்கள் உள்ளே திரும்பத் துடிக்கும். அவை திரும்பும் வழியில் ஏடிபி சின்தேஸ் என்ற இன்னொரு இயந்திரம் இருக்கிறது. புரோட்டான் உள்ளே இறங்க இறங்க அது நிஜமாகவே சுழல்கிறது, சுழன்று, செல் தன் வேலைகளுக்கு எரிபொருள்போலச் செலவிடும் ஏடிபி என்ற மூலக்கூறைத் தயாரிக்கிறது. அந்தச் சுழற்சியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் நுண்ணோக்கியில் கண்ணால் பார்க்கும்படி காட்டினார்கள். ஆக, பாத்தி நீரில் மிதக்கும் இந்தச் சின்னக் குச்சிக்குள் ஒளியில் ஓடும் பம்பு ஒன்று, அந்தப் பம்பால் சுழலும் மோட்டார் ஒன்று. கார்பனுக்கும் பிணைப்புக்கும் கணக்குப் போட்டே பழகிய எனக்கு இதைவிட அழகான வடிவமைப்பு ஒன்றைக் காட்டச் சொன்னால் தெரியாது.

இதை முதலில் பிரித்தெடுத்த விதத்தில்தான் எங்கள் குவளைச் சோதனை மறுபடி வருகிறது. டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட்டும் வால்தர் ஸ்டோக்கெனியஸும் 1971-இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டார்கள். செல்களை உப்பில்லாத நீரில் போட்டால் மற்ற சவ்வெல்லாம் சிதறிப்போகும். ஊதாத் திட்டு மட்டும் சிதறாது. மையவிலக்கியில் சுழற்றினால் தனியே படிந்துவிடும். நாங்கள் கருவாட்டின் சிவப்பைச் சோதிக்கச் செய்ததும், அறிவியலில் ஒரு புதிய துறையைத் திறந்த முதல் படியும் ஒன்றுதான்: நல்ல தண்ணீர் ஊற்றுவது.

எங்கெங்கே போய்ச் சேர்ந்தது

1974-இல் எஃப்ரைம் ராக்கரும் ஸ்டோக்கெனியஸும் செய்த சோதனையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். சோயாவிலிருந்து எடுத்த கொழுப்பில் நுண்ணிய குமிழிகள் செய்தார்கள். அதில் உப்புநீர் உயிரின் ஒளிப்பம்பையும் மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த ஏடிபி சின்தேஸையும் பதித்தார்கள். வெளிச்சம் காட்டியதும் ஏடிபி உருவானது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு உயிர்களின் இயந்திரங்களை இணைத்தது வெறும் புரோட்டான் ஓட்டம். செல்கள் ஆற்றலைச் சேமிப்பது புரோட்டான் வேறுபாட்டால்தான் என்று பீட்டர் மிட்செல் சொன்னதைப் பலர் ஏற்காமல் இருந்த காலம் அது. இந்தச் சோதனை அவர் பக்கம் பெரிய வலு சேர்த்தது. 1978-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த ஆண்டே, 1975-இல், கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஹென்டர்சனும் நைஜல் அன்வினும் இதே ஊதாச் சவ்வை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து ஏழு சுருள்களையும் காட்டினார்கள். சவ்வுப் புரதம் ஒன்றின் உள்வடிவம் தெரிந்தது அதுவே முதல் முறை. இயற்கையே ஒழுங்காக அடுக்கி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. அந்த வழியில் தொடர்ந்து போன ஹென்டர்சன் 2017-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா மரபுக்குறியீட்டுக்காக 1968-இல் நோபல் பெற்றவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பெரிதும் உழைத்தது இந்தப் புரதத்தின் மேல்தான். 1979-இல் அதன் அமினோ அமில வரிசையை வெளியிட்டார். பிறகு ஒவ்வோர் அமினோ அமிலமாக மாற்றிப் பார்த்து எது என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தது அவருடைய ஆய்வகம். இது நம் பாடநூல்களில் வராதது எனக்கு நெடுநாள் வருத்தம்.

மருத்துவத்தில் நடந்தது இன்னும் பெரிது. இதே குடும்பச் சாயலுள்ள புரதங்கள் வேறு உயிர்களிலும் கிடைத்தன. கிளாமிடோமோனாஸ் என்ற நன்னீர்ப் பாசியிலிருந்து வந்த சேனல்ரோடாப்சினில் ஒளி பட்டால் அயனிகள் நுழைய வாசல் திறக்கும். 2005-இல் அதை நரம்புச் செல்லுக்குள் வைத்து, நீல ஒளியால் நரம்பைத் தூண்ட முடியும் என்று காட்டினார்கள். நரம்பை அடக்குவதற்கு உப்பேரி உயிர்களின் பம்புகளே உதவின, அவற்றில் ஒன்று சாக்கடலில் வாழும் உயிரிலிருந்து எடுத்தது. ஆப்டோஜெனெடிக்ஸ் என்று இதற்குப் பெயர். இன்று மூளை ஆய்வகங்கள் பலவும் இதைப் பயன்படுத்துகின்றன. 2021-இல், விழித்திரைச் சிதைவு நோயால் பார்வை இழந்த 58 வயதுக்காரர் ஒருவரின் கண்ணில் இந்த வகைப் புரதத்துக்கான மரபணுவைச் செலுத்தினார்கள். ஒளியை மாற்றிக் கொடுக்கும் கண்ணாடி அணிந்து பல மாதம் பழகிய பிறகு, மேசை மேல் இருந்த பொருளைக் கண்டுபிடித்துத் தொடவும் எண்ணவும் அவரால் முடிந்தது. முழுப் பார்வை இல்லை, ஆனால் இருட்டிலிருந்து அந்த அளவுக்கு வந்ததே பெரிது.

கடலியலும் தப்பவில்லை. 2000-இல் கடல் பாக்டீரியாக்களிலும் இதன் உறவுப் புரதம் இருப்பது தெரிந்தது. உலகக் கடல்களின் மேற்பரப்பில் பச்சையமே இல்லாமல் ஒளியைப் பயன்படுத்தும் உயிர்கள் இவ்வளவு இருக்கும் என்று அதற்கு முன் யாரும் நினைத்ததில்லை. செயற்கை விழித்திரைக்கும் ஒளியால் எழுதி அழிக்கும் நினைவகத்துக்கும் பாக்டீரியோரோடாப்சினையே நேரடியாகப் பயன்படுத்தும் முயற்சிகளும் உண்டு. காய்ந்தாலும் சூடேறினாலும் கெடாத உறுதிதான் காரணம்.

இனி மனிதன் செய்தவை. பென் ஃபெரிங்கா 1999-இல் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில், ஒளியால் ஒரே திசையில் சுழலும் மூலக்கூறு மோட்டாரைச் செய்தார். நெருக்கியடித்த இரண்டு பாதிகள், நடுவில் இரட்டைப் பிணைப்பு. ஒளி பட்டால் பாதி திரும்பும், வெப்பத்தில் ஒரு முறுக்கு புரளும், பின்னோக்கிப் போக வழி அடைபடும். மறுபடி ஒளி, மறுபடி வெப்பம், ஒரு சுற்று முடியும். 2014 வாக்கில் நொடிக்கு 1.2 கோடி சுற்று வரை வேகம் கூடியது. இத்தகைய மோட்டார்களைத் திரவப்படிகத்தில் கலந்து 28 மைக்ரோமீட்டர் நீளக் கண்ணாடிக் குச்சியையே சுழல வைத்தார்கள். 2016-இல் சோவாஜ், ஸ்டாடர்ட் இருவரோடு அவருக்கு நோபல் கிடைத்தது. 2017-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டூர் குழு, புற ஊதா ஒளியில் சுழலும் மோட்டார்களால் புற்றுநோய்ச் செல்லின் சவ்வைத் துளைத்துக் காட்டியது. 2022-இல் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே இயங்கி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவைக் கொல்லும் மூலக்கூறுகளையும் அதே குழு வெளியிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடிப்படை ஒன்று. ஒளி ஓர் இரட்டைப் பிணைப்பைத் திருப்புகிறது, சுற்றியிருக்கும் அமைப்பு பின்வாங்க விடாமல் தடுக்கிறது. ஃபெரிங்காவின் மோட்டார் வேகத்தில் மிஞ்சும். ஆனால் கிடைத்த ஒளியை வேலையாக மாற்றி அடுத்த இயந்திரத்திடம் ஒப்படைக்கும் திறமையில் உப்பளத்து உயிர் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. இந்தக் கரையில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேருந்து ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் பாத்தி இருக்கிறது.

கொட்டகையில் மாற்றியது

கருவாட்டுக்கு ஒளிப்பம்பால் தீமையும் இல்லை, நன்மையும் இல்லை. கொட்டகை இருட்டில், காற்றும் மீன் புரதமும் கிடைக்கும் இடத்தில், இந்த உயிர் வெளிச்சத்தை நம்பி வாழவில்லை. எனவே மூடி வைப்பதோ வெளிச்சம் காட்டுவதோ தீர்வாகாது. ஈரம், சூடு, பழைய உப்புத்தண்ணீர் மூன்றையும்தான் பிடிக்க வேண்டும்.

ஊறிய தண்ணீரை ஒவ்வொரு நடைக்கும் கொட்டிவிடுவது, உதிர்ந்த உப்பை மறுபடி சேர்க்காமல் இருப்பது, புது உப்பைத் தவிர்த்துக் குவியலில் கிடந்த பழைய உப்பாகப் பார்த்து வாங்குவது என்று முடிவானது. தொட்டி, பலகை, கத்தி எல்லாவற்றையும் கடைசி அலசலாக நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுவது மிக முக்கியம் என்றேன். அக்கா சிரித்துவிட்டார். "குடிக்கவே குடம் காசு குடுத்து வாங்குறோம், தொட்டி கழுவ எங்க போறது?" ராமநாதபுரத்தில் இதற்கு மேல் வாதாட முடியாது. முன்பு கடல்நீரில் கழுவி அப்படியே விடுவார்கள், மூலைகளில் உப்பு காய்ந்து பொரிந்திருக்கும், அந்தப் பொரியலுக்குள் இந்த உயிர் பத்திரமாக இருக்கும். இப்போது கடல்நீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, கொட்டகையின் தகரக் கூரையிலிருந்து டிரம்மில் பிடித்த மழைநீரைக் கடைசியாக மூலைமுடுக்கில் மட்டும் ஊற்றுகிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் நன்றாகக் காயாத சரக்கு கொஞ்சம் கெட்டது. ஆனால் அடுக்கு முழுக்கச் சிவந்துபோவது நின்றிருக்கிறது.

மழைநீர் தீர்ந்தபின் கோடை முழுதும் இது நடக்காது. மீன் உலர்த்தும் இடங்களுக்கு நல்ல தண்ணீர் இணைப்பு ஒன்று கேட்டு அக்காவும் பக்கத்துக் கொட்டகைக்காரர்களும் மனு எழுதியிருக்கிறார்கள். நுண்ணோக்கியில் எடுத்த படங்களை அதோடு இணைத்துக் கொடுத்தோம். தட்டில் முளைத்த சிவப்புப் புள்ளிகளைக் கல்லூரியில் வளர்த்து வருகிறோம். காற்றைக் குறைத்து விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் ஊதாச் சவ்வு உருவாகிறதா என்று பார்க்க வேண்டும். சவ்வைப் பிரித்தெடுக்கும் அளவுக்கு வேகமான மையவிலக்கி எங்களிடம் இல்லை. அது இருக்கும் ஆய்வகம் ஒன்றில் நேரம் கேட்டிருக்கிறோம்.